கூரைச்சீலை

ஜெமீல் நானா ஒரு காரை வேலைக்கு எடுத்தால் முதலில் அதற்குள் படுத்துவிடுவார். பின் சீற்றில் மல்லாந்து, காலிரண்டையும் திறந்த கதவுக்கு வெளியே நீட்டி, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி கிடப்பார். அரை மணித்தியாலம், சிலவேளை ஒரு மணித்தியாலம். காரைக் கொண்டுவந்த ஆள் கடை வாசலில் நின்று பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வரும். "என்ன ரீச்சர், நானாவுக்குச் சுகமில்லையோ?" சுகத்துக்கு ஒரு குறையுமில்லை, அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று நான் சொல்ல வேண்டும். பதின்மூன்று வருடமாக இதே பதிலைச் சொல்லி எனக்கு வாய் நொந்துபோய்விட்டது.

தண்ணீரூற்றில், என் வளவின் றோட்டுப் பக்கத்து மூலையில் அவருடைய குஷன் கடை. பஸ் சீற், மோட்டார் சைக்கிள் சீற், ஓட்டோவின் பின் மறைப்பு எல்லாம் தைப்பார். ஆனால் அவருடைய மனம் இருப்பது பழைய கார்களின் கூரையில். கூரை என்றால் தகரம் அல்ல. உள்ளே தலைக்கு மேலே ஒட்டியிருக்கிற துணி. நான் முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கலியாணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் இவ்வளவு கோபம் வராது என்று என் தங்கை சொல்லுவாள். கூடத்தான் வந்திருக்கும் என்று நான் சொல்லுவேன்.

ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டேன், இப்படிக் கிடந்து என்னத்தைத்தான் பார்க்கிறீர்கள் என்று.

"மனிசன் எண்டவன் பாதிச் சீவியம் மல்லாக்காத்தானே ரீச்சர் கிடக்கிறான். சுவர் ஆருக்கு ஞாபகம்? கூரைதான் ஞாபகம்" என்றார்.

அவர் தன் வாழ்க்கையைக் கூரையால்தான் சொல்லுவார். வாப்பாவின் ஓட்டு வீட்டில் ஒரு ஓடு கண்ணாடி. பகலில் அதனால் விழுந்த வெயில் வட்டம் பாயில் நகர்ந்து நகர்ந்து அவர் வயிற்றில் ஏறுமாம். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முஸ்லிம் சனங்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது அவருக்கு இருபத்திமூன்று வயது. ஏறிப்போன லொறிக்கு மேல்மூடியாக ஒரு கிழிந்த படங்கு. கிழிசலால் நிலவு கூடவே வந்ததாம். பிறகு புத்தளத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில். மழைக்காலத்தில் எந்தக் கிடுகால் ஒழுகும் என்று படுத்தபடியே சொல்லுவாராம். அந்தக் கொட்டிலில்தான் நபீஸாவைக் கலியாணம் கட்டினார், பக்கத்தில் இருந்த பஸ் கராச்சில்தான் குஷன் வேலை பழகினார். அவர்கள் போன அன்று அயலவராகிய நாங்கள் படலையில் நின்று பார்த்தோம். வாய் திறக்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட அதைவிட வெட்கமாக இருக்கும்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் திரும்பி வந்தார். வாப்பாவின் வீடு இருந்த இடத்தில் விளாத்தி மரம் முளைத்திருந்தது. என் படலையில் வந்து நின்று, "ரீச்சர், இந்த மூலையில ஒரு தகரம் போட்டுத் தொழில் செய்யட்டோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அந்த ஒரு ஓமை நான் இருபத்திரண்டு வருடம் முன்னர் சொல்லியிருக்க வேண்டும்.

இனித் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்க் கூரைத் துணியின் பின்பக்கத்தில் மெல்லிய ஸ்பொஞ் ஒன்று இருக்கும். எங்கள் வெயிலில் இருபது முப்பது வருடம் வெந்தால் அது மஞ்சள் மாவாக உதிர்ந்துவிடும். பிடிமானம் போனதும் துணி தொங்கத் தொடங்கும். முதலில் பின் மூலை, பிறகு நடு, கடைசியில் ஓட்டுகிறவரின் தலையில் வந்து குந்தும். கச்சான் காற்று யன்னலால் புகுந்தால் உப்பி உப்பி அமரும். சனங்கள் உடனே பசையை வாங்கி அப்புவார்கள். மாவில் பசை பிடிக்குமா? இரண்டு கிழமையில் கறையோடு திரும்ப விழும். நானா உள்விளக்கு, கைபிடி, வெயில் மறைப்பு எல்லாவற்றையும் கழற்றி, கூரைப் பலகையை முழுதாக இறக்கி வெளியே எடுப்பார். பழைய துணியை உரித்து, மாவை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் தட்டித் துடைப்பார். புதுத் துணியை நடுவில் வைத்து, உள்ளங்கையால் ஓரத்தை நோக்கித் தடவித் தடவிக் கொண்டுபோவார். ஊதுபத்தி கொளுத்தாத குறை.

தொழில்காரர் எல்லாரும் அதை "ஹூட் லைனிங்" என்பார்கள். நானாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என் வளவுக்குள் இருந்துகொண்டு இப்படிக் கதைக்கலாமோ என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஒரு தாளில் "கூரைச்சீலை" என்று எழுதிக்கொடுத்து, இனி இப்படித்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தார். "வாய்க்கு இதமாக் கிடக்கு ரீச்சர்" என்று பலகையிலும் எழுதுவித்தார். வருகிற சனமும் அப்படியே சொல்லப் பழகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இன்னொரு சீலை இருக்கிறது. தாலி கட்டுமுன் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்க, பெண் போய் மாற்றி உடுத்திக்கொண்டு வருகிற பட்டு. அது கூறைச்சீலை. பெரிய ற. வீட்டுக்கு மேலே கிடப்பது சின்ன ர. படிப்பித்த காலத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதின பிள்ளைகளுக்கு நான் ஈவிரக்கமில்லாமல் புள்ளி வெட்டியிருக்கிறேன்.

போன ஆவணியில் உடையார்கட்டிலிருந்து ஒரு பழைய ஜப்பான் கார் வந்தது. சிவனேஸ்வரி என்ற பெண்ணுடையது. அவளுடைய தமக்கையின் மகன் பிரதீபன் ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போனான். கூரைத் துணி பிள்ளைக்குக் கட்டின ஏணை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பது குண்டூசியாவது குத்தி நிறுத்தப் பார்த்திருந்தார்கள்.

ஒளித்து வைத்து இடையில் எடுத்துக் காட்டுகிற கதை எனக்குப் பிடிக்காது. ஆகையால் நான் பிறகு அறிந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மீள்குடியேறின பிறகு சிவனேஸ்வரியின் புருசன் வாங்கி, வாடகைக்கு ஓடின கார் அது. நாலு வருடம் முன்னர் சிறுநீரக வருத்தத்தில் அவர் செத்துப்போனார். இப்போது மகள் யதுர்ஷிகாவுக்குக் கலியாண எழுத்து, அதாவது பதிவு. புதுக்குடியிருப்பில் மண்டபம், பொம்பிளை தகப்பனின் காரில்தான் போவேன் என்று நிற்கிறாள். அதற்காகத்தான் கூரை வேலை.

புருசனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று சிவனேஸ்வரிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல முன்னமே அவள் தானாக ஒதுங்கிவிட்டாள். மச்சாள் கௌசலா பொம்பிளையோடு காரில் போவாள், தான் பின்னால் வானில் வந்து கடைசி வரிசைக் கதிரையில் இருப்பேன் என்று முடிவு. மகள் அழுதிருக்கிறாள். அதற்குத் தாய் சொன்ன ஆறுதல் இது: "நான் நிக்காட்டில் என்னடி, என்ர கூறை நிக்கட்டும். நீ அதை உடுத்துக்கொண்டு எழுத்தில இருந்தியெண்டால் நான் பக்கத்தில நிண்ட மாதிரித்தான்."

அந்தக் கூறை லேசுப்பட்ட கூறை அல்ல. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் அவளோடு போயிருக்கிறது. நந்திக்கடல் தண்ணீருக்குள்ளால் கழுத்தளவில் வந்தபோது ஒரு கையில் மகளும் தலையில் அந்தப் பொட்டலமும்தான். நகை போனது, வீடு போனது, சீலை மிஞ்சியது. இப்போது ஓரிடத்தில் கரை விட்டிருந்தது, சட்டையும் மகளுக்கு அளவில்லை. நானாவின் மனைவி நபீஸா நல்ல தையல்காரி. மகள் றுஸ்னாவின் பிள்ளைப்பேற்றுக்குப் புத்தளம் போயிருந்தாள். அங்கிருந்தே போனில், "அனுப்பிவிடுங்கோ தங்கச்சி, வெள்ளிக்கிழமை வந்து தைச்சுத் தாறன்" என்று சொல்லியிருக்கிறாள். நானாவுக்கும் சொன்னாளாம். அவர் ஓம் என்றாராம். ஏதோ ஒரு காருக்குள் கிடந்துகொண்டு ஓம் என்றிருப்பார்.

ஆக, உடையார்கட்டிலிருந்து இரண்டு பொட்டலம் பஸ்சில் புறப்பட்டன. ஒன்று காருக்கு, ஒன்று நபீஸாவுக்கு. ஒன்றுதான் வந்து சேர்ந்தது.

அன்று மத்தியானம் நான் சாய்மனைக் கதிரையில் கண் அயர்ந்துகொண்டிருந்தேன். நானா வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். கையில் பொட்டலத்திலிருந்து கிழித்த ஒரு தாள்.

"ரீச்சர், இதை ஒருக்கா வாசியுங்கோ."

"ஏன், உங்களுக்கு வாசிக்கத் தெரியாதோ?"

"தெரியும். எண்டாலும் நீங்கள் வாசியுங்கோ."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். வடிவான கையெழுத்து. கூரைச்சீலை, ஜெமீல் நானா கடை, தண்ணீரூற்று.

"கூரைச்சீலை" என்றேன்.

"கூரையோ ரீச்சர், கூறையோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சின்ன ர போட்டிருக்கு, தெரியேல்லையோ? கார்க் கூரை. பெரிய ற எண்டால்தான் கலியாணக் கூறை. பதின்மூண்டு வருசம் என்ர வளவில இருந்தும் இது தெரியாட்டி!"

"அப்ப கூரைக்குத்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். இந்தக் காலத்திலும் ரகரத்தைச் சரியாகப் போடுகிற ஒரு பிள்ளை இருக்கிறதே என்று நான் சந்தோசமாகத் திரும்பக் கண்ணை மூடினேன்.

அவர் சிவனேஸ்வரிக்கும் போன் எடுத்திருக்கிறார். "கூரைச்சீலை கிடைச்சுது தங்கச்சி. நல்ல வடிவான சீலை. வெட்ட எனக்கு மனம் வருதில்லை."

"வெட்டாமல் என்னெண்டு நானா? அளவாப் பாத்து வெட்டுங்கோ" என்று அவள் சிரித்திருக்கிறாள். கடையில் எடுத்த சாம்பல் துணிக்கு இந்த மனிசன் ஏன் இவ்வளவு உருகுகிறார் என்று நினைத்தாளாம்.

அதற்குப் பிறகு மூன்று நாள் கடையின் பின்பக்கத்தில் படங்கைக் கட்டி மறைத்துக்கொண்டு வேலை செய்தார். வழக்கமாக றேடியோ பாடும். இந்த மூன்று நாளும் பாடவில்லை. கத்தரிக்கோலை எடுக்கமுன் ஒழுச் செய்துவிட்டு வந்ததைப் பார்த்தேன். தொழுகைக்குத்தான் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம், "வாங்கோ ரீச்சர், படுத்துப் பாருங்கோ" என்று கூப்பிட்டார். பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு காருக்கும் கூப்பிடுவார். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி ஊரான் காரில் மல்லாந்து படுப்பதாவது என்று நான் போனதில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பின் சீற்றில் சரிந்தேன்.

தலைக்கு மேலே ஒரு சிவப்பு. கடுஞ்சிவப்பல்ல, குங்குமத்தில் கொஞ்சம் இருட்டைக் குழைத்த மாதிரி. முழுவதும் சின்னச் சின்னச் சரிகைப் பூ. இரண்டு பக்கக் கதவுக்கும் மேலே விரலகலச் சரிகைக் கரை, முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை ஒரு கோணல் இல்லாமல். மேற்கு வெயில் சரிந்து வந்து பூக்களை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டு போனது. காற்றில் வளவின் வேம்பு அசைய, சரிகையும் அசைகிற மாதிரி இருந்தது. எனக்கு எங்கே கிடக்கிறேன் என்பது மறந்துவிட்டது. எந்த வயது என்பதும் மறந்துவிட்டது. ஒரு கலியாண வீட்டின் நடுவில், யாரோ என்னைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி. நான் ஒருநாளும் கூறை உடுத்தவில்லை. அதற்காக ஒருநாளும் கவலைப்பட்டதில்லை என்றுதான் எல்லாருக்கும் சொல்லிவந்தேன். அன்று அந்தச் சீற்றில் கிடந்து அழுதேன். உண்மை அது, மறைக்க என்ன இருக்கிறது.

பிறகுதான் புத்தி வந்தது. "நானா, இது கலியாணக் கூறையெல்லோ!"

"ஓம் ரீச்சர்" என்றார். கதவுக்கு வெளியே நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அதுதான் உங்களிட்டக் கேட்டனான். முதல்ல எனக்கும் விளங்கேல்லை. பேந்து யோசிச்சன். சிவனேஸ்வரியின்ர புருசன் இல்லை. இனி அந்தப் பிள்ளை இதை உடுக்கவும் மாட்டா, எறியவும் மாட்டா. அவர் ஓடின காருக்க கிடக்கட்டும் எண்டு நினைச்சிருக்கிறா. ஒரு பொம்பிளையின்ர கூறை, எடுத்துக் காட்டித் திரிய எனக்கு மனம் வரேல்லை. பட்டில பசை படக்கூடாதெண்டு பலகையைச் சுத்தி நூலாலதான் இழுத்துக் கட்டினனான். ஒரு சொட்டுப் பசை இல்லை."

அவர் சொன்ன நியாயம் அவ்வளவு வடிவாக இருந்தது. நானும் நம்பினேன். அப்படி நினைத்த சிவனேஸ்வரியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்றுகூடச் சொன்னேன்.

அடுத்த நாள் நபீஸா புத்தளத்திலிருந்து வந்து இறங்கினாள். கையில் அவளுடைய பையோடு இன்னொரு சொப்பிங் பை. பஸ் நிற்கிற இடத்துக் கடைக்காரர் கொடுத்தாராம், நாலு நாளாக யாரும் எடுக்க வரவில்லை என்று. உள்ளே சாம்பல் நிறத் துணி, பின்பக்கம் ஸ்பொஞ். மேலே அதே கையெழுத்தில் ஒரு தாள். கூரைச்சீலை.

இரண்டிலும் அதே சின்ன ர.

"இஞ்சேருங்கோ, சிவனேஸ்வரியின்ர கூறை வந்ததோ? எழுத்துக்கு ஆறு நாள்தானே கிடக்கு, சட்டை தைக்கவேணும்" என்றாள் நபீஸா.

நானா அப்படியே கடை வாசலில் குந்தினார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல என் நாக்கே எனக்குக் கசந்தது. ஊசி போகிற இடத்தைப் பார்த்தவளுக்கு உலக்கை போன இடம் தெரியவில்லை. பொட்டலத்தைக் கொண்டுவாருங்கோ என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். எழுத்தைப் பார்த்து எழுந்த கோபத்தில் சீலையைக் கேட்க மறந்துவிட்டேன்.

நபீஸா படங்கை விலக்கிக் காருக்குள் பார்த்தாள். "அல்லாஹ்வே" என்றாள். பிறகு, சிவனேஸ்வரி போனில் சொன்ன அந்தச் சீலையின் கதையை எங்களுக்குச் சொன்னாள்.

அதைக் கேட்டபிறகுதான் நானா கதைத்தார். "ரீச்சர், திரும்பி வந்த நாளில இருந்து ஒரு ஆள் என்னை ஒரு சொல்லுச் சொல்லிப்போடக் கூடாது எண்டுதான் ஊசி எடுத்தனான். ஒரு பொத்தான் தொலைச்சதில்லை. தண்ணிக்குள்ளால தலையில வைச்சுக் கொண்டுவந்த சீலையாம். என்னை நம்பி பஸ்சில போட்டுவிட்டிருக்கினம். நான் வெட்டிப்போட்டன்."

போனில் சொல்லுகிற விசயம் அல்ல என்று மூவருக்கும் தெரிந்தது. சனிக்கிழமை காலமை அதே காரில் வெளிக்கிட்டோம். நானா ஓட்டினார், பக்கத்தில் நபீஸா, பின்னால் நான். மடியில் சீலையின் மிச்சம்: முந்தானைப் பக்கம் முழுதாக, நடுவில் வெட்டின துண்டுகள், உள்விளக்குக்காகச் சுற்றி வெட்டி எடுத்த வட்டம்கூட. ஒரு நூலை அவர் எறியவில்லை. முள்ளியவளை தாண்டினதும் வயல்வெளி. வெயில் இடமும் வலமும் மாறி மாறிப் புகுந்து, எங்கள் மூன்று பேரின் முகத்திலும் சிவப்பு விழுந்தபடி இருந்தது. குற்றவாளிகள் மூவர் கலியாணப் பந்தலுக்குள் இருந்துகொண்டு போகிற மாதிரி. அவ்வளவு பயத்திலும் அந்த வடிவு என்னை விடவில்லை. மேலே பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

சிவனேஸ்வரி சிரித்த முகத்தோடு படலைக்கு வந்தாள். "என்ன நானா, நீங்களே கொண்டுவந்திட்டீங்கள்? ரீச்சரும் வந்திருக்கிறா!" கதவைத் திறந்து குனிந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. நிமிரவில்லை. குனிந்தபடியே கையை உயர்த்திக் கரையைத் தொட்டாள்.

"முந்தானை எங்க?" என்றாள்.

நான் மடியில் இருந்ததைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். வட்டமாக வெட்டின துண்டு கீழே விழுந்தது.

"ஏழு இடம் தூக்கிக்கொண்டு திரிஞ்சனான் நானா" என்று தொடங்கினவள்தான். "செல்லடிக்குள்ளால கொண்டு ஓடினனான். பங்கருக்க இதுக்கு மேலதான் பிள்ளையைப் படுக்க வைச்சனான். ஒருத்தரும் ஒரு நூல் தொடேல்லை. நீங்கள் கத்தரிக்கோல் வைச்சிட்டீங்களே! பிள்ளை என்னத்தை உடுக்கிறது? என்ர இடத்தில என்னத்தை வைக்கிறது?"

"பிழை என்னிலதான்" என்றேன். "சின்ன ர போட்டிருந்தது, நான்தான் கார்க் கூரை எண்டு…"

"உங்கட ரவும் றவும்! சீலையைப் பாத்தால் குருடனுக்கும் தெரியுமே ரீச்சர்!"

முப்பத்திரண்டு வருடப் படிப்பித்தலில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டது முழுக்கச் சரி.

நானா தலையை நிமிர்த்தவில்லை. "தங்கச்சி, நான் வேற மாதிரி நினைச்சிட்டன். அவர்ர காருக்க உங்கட கூறை அவரோட கிடக்கட்டும் எண்டு நீங்கள் விரும்பினீங்கள் எண்டு நினைச்சன். அப்பிடி நினைச்சுத்தான் தைச்சனான். சொன்னால் இப்பவே கழட்டிறன். ஆனால் வெட்டினதை என்னால ஒட்டேலாது."

சிவனேஸ்வரி அவரைப் பார்த்தாள். அவருடைய சொல் எங்கேயோ போய்ப் பட்டிருக்க வேண்டும். "தொடாதேங்கோ. இனித் தொட்டு என்ன" என்றுவிட்டுக் குசினிக்குள் போனாள்.

சத்தம் கேட்டு யதுர்ஷிகா வந்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிற பிள்ளை, நிதானமானவள். காருக்குள் பார்த்தாள், என் கையிலிருந்த பொட்டலத் தாளில் தன் கையெழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நேரே குசினி வாசலுக்குப் போனாள்.

"அம்மா, பிழை என்ர. நான்தான் எழுதினனான். அழுதுகொண்டிருந்து பிரயோசனமில்லை. நீங்கள் என்ன சொன்னீங்கள்? நான் நிக்காட்டில் கூறை நிக்கட்டும் எண்டீங்கள். இப்ப கூறை இல்லை. அப்ப நீங்கள் வந்து நில்லுங்கோ."

உள்ளே கேத்தில் மூடி விழுந்தது. "விசர்க்கதை கதையாதை. சபை என்ன சொல்லும்?"

"சபை சொல்லிப்போட்டு இருக்கட்டும்."

"எனக்கு ஏலாது பிள்ளை. உனக்கு ஒரு குறை வந்தால் என்னாலதான் எண்டு சாகுமட்டும் நினைச்சுக்கொண்டிருப்பன்."

அதோடு கதை நின்றது. எங்களுக்குத் தேத்தண்ணி வந்தது. கோபத்தில் சீனியை அள்ளிப் போட்டிருந்தாள். மூவரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம். நபீஸா கிடைத்த துண்டுகளை அளந்து பார்த்துவிட்டு, "பொம்பிளைக்கு ஒரு சட்டை வரும்" என்றாள். சிவனேஸ்வரி மறுக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் பஸ்சில் திரும்பினோம்.

எழுத்தன்று காலமை நாங்களும் உடையார்கட்டுக்குப் போனோம். கூப்பிட்டிருந்தார்கள், போகாமல் விட்டால் ஒளித்த மாதிரி இருக்கும். பிரதீபனுக்கு வான் ஓடுகிற வேலை. காரை ஓட்ட ஆளில்லை என்று யதுர்ஷிகா நானாவின் கையில் திறப்பைக் கொடுத்தாள். என்னை முன் சீற்றில் ஏறச் சொன்னார்கள். பொம்பிளை பச்சைப் பட்டு உடுத்திருந்தாள், கடையில் அவசரத்துக்கு எடுத்தது. சட்டை மட்டும் அந்தச் சிவப்பு. வந்து பின் சீற்றில் ஏறினாள். நகை பூட்டின சின்னம்மாக்கள் இரண்டு பேர் காருக்குள் தலையை நீட்டி மேலே பார்த்து, "இதென்னடி, கூறையோ?" என்று வாயைப் பிளந்தார்கள். யதுர்ஷிகா வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவனேஸ்வரி வெளியே வந்தாள். வெள்ளையில் மெல்லிய ஊதாக் கரை. நேரே வானுக்குத்தான் நடந்தாள். கௌசலா பூத்தட்டோடு கார்க் கதவைப் பிடித்தபடி, "மச்சாள், கெதியா வானில ஏறுங்கோ, நேரம் தப்புது" என்றாள். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. எப்போதும் நடக்கிறதைத்தான் சொன்னாள்.

சிவனேஸ்வரி வானின் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். அங்கிருந்து திரும்பிக் காரைப் பார்த்தாள். பின்கண்ணாடியால் அந்தச் சிவப்புத் தெரிந்திருக்கும். அவள் அப்படியே நிற்க, வானுக்குள் இருந்தவர்கள் என்ன, என்ன என்று கேட்டார்கள்.

காலை எடுத்தாள். காருக்கு நடந்து வந்தாள்.

"பிள்ளை, அங்கால அரக்கியிரு."

"மச்சாள்…" என்றாள் கௌசலா.

"என்ர கூறை முன்னுக்குப் போகுது கௌசலா. நான் என்னத்துக்கு அதுக்குப் பின்னால வாறது?"

குனிந்து ஏறினாள். மகளின் பக்கத்தில் இருந்து கதவை இழுத்துச் சாத்தினாள். யதுர்ஷிகா தாயின் கையைப் பிடித்த பிடியில் வளையல்கள் நெரிந்தன. நானா கண்ணாடியால் பின்னுக்குப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"என்ன நானா பாக்கிறீங்கள்? எடுங்கோ" என்றாள் சிவனேஸ்வரி.

கௌசலா தட்டோடு வானில் ஏறினாள். வான் எங்களுக்குப் பின்னால் வந்தது.